மரத்த காலும் வரப்பு நடையும்

சென்ற கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை காலை என் தாயார் தலைமுழுகும்போது விழுந்தார். எங்கள் வீட்டுக் குளியலறை வழுக்கும் தரை கொண்டதன்று. பழைய சிமெண்டுத் தரையைக் கொத்திச் சொரசொரப்பாக்கி வைத்திருக்கிறோம். நின்றபடி சீயக்காய் தேய்த்துக்கொண்டிருந்தவர் கண்ணெரிச்சலுக்காக இமைகளை இறுக மூடியிருக்கிறார். அவ்வளவுதான். இடக்கை மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

வந்து பார்த்தவர்கள் அனைவரும் "கால் வழுக்கிவிட்டது" என்றே சொன்னார்கள். அம்மா மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "வழுக்கலடா. கண்ண மூடுனேன், கீழ தரையே இல்லாத மாதிரி ஆயிப்போச்சு" என்றார். அதிர்ச்சியில் ஏதோ சொல்கிறார் என்று நானும் விட்டுவிட்டேன். தமிழ் இலக்கியம் பயின்று, இருபது ஆண்டுகளாகக் கல்லூரியில் சொற்களுக்குப் பொருள் சொல்லிப் பிழைப்பவன், பெற்ற தாய் சொன்ன ஒரு வாக்கியத்தின் பொருளை அறியாமல் போனேன். அந்த ஒரு வாக்கியத்தில் அவருடைய நோயின் முழு விளக்கமும் இருந்தது என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு அந்த வெட்கமே முதற்காரணம்.

அம்மாவுக்கு வயது 71. சர்க்கரை வியாதி வந்து பதினெட்டு ஆண்டுகள். அதற்கு முன் உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கழனிகளில் நாற்பது ஆண்டுகள் நாற்று நட்டவர், களை பறித்தவர், கதிர்க்கட்டைத் தலையில் சுமந்து ஒரு சாண் அகல வரப்பில் நடந்தவர். அப்படிப்பட்டவர் வீட்டுக்குள் நின்ற இடத்தில் விழுந்தார் என்பதை எங்களால் நம்ப முடியவில்லை. நம்ப முடியாததை எல்லாம் வயதின் மேல் ஏற்றிவிடுவது நம் வழக்கம். "தள்ளாத வயது" என்று ஒரு தொடரையே வைத்திருக்கிறோம் அல்லவா?

ஆனால் இது வயது செய்த வேலையன்று. பெரும்பங்கு நரம்பு செய்த வேலை.

மனிதன் நிமிர்ந்து நிற்பதற்கு மூன்று சாட்சிகள் வேண்டும். ஒன்று கண். இரண்டாவது உட்செவியில் உள்ள சமநிலை உறுப்பு. மூன்றாவதை நாம் நினைப்பதே இல்லை: பாதத்தின் தோலும், கணுக்காலின் மூட்டும் தசையும் நொடிதோறும் மூளைக்கு அனுப்பும் செய்தி. தரை கடினமா மென்மையா, உடல் முன்னே சாய்கிறதா பின்னே சாய்கிறதா, எடை குதிகாலில் இருக்கிறதா விரல்களில் இருக்கிறதா என்று கால் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. நீண்ட காலச் சர்க்கரை நோய் முதலில் தாக்குவது உடலிலேயே மிக நீளமான நரம்புகளை. ஆகவே விரல் நுனியில் தொடங்கி மேலேறுகிறது. மருத்துவ நூல்கள் காலுறை அணிந்த பரப்பு என்று இதை வருணிக்கும். எங்கள் ஊரில் காலுறை அணிபவர் யார்? கொலுசு விழும் இடம்வரை மரத்துவிட்டது என்று சொன்னால் எல்லார்க்கும் விளங்கும்.

மூன்றாவது சாட்சி ஊமையாகிவிட்டால் உடல் கண்ணை நம்பி நிற்கிறது. பட்டப்பகலில் நன்றாகவே நடக்கலாம். யாருக்கும் ஐயம் எழாது. கண்ணை மூடினாலோ, இரவில் மின்சாரம் போனாலோ, ஒரு நொடியில் நிலம் காணாமல் போகிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ரோம்பர்க் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதை ஒரு சோதனையாகவே வகுத்தார். பாதங்களைச் சேர்த்து நிற்கச் சொல்லிக் கண்களை மூடச் சொல்வது. ஆடினால் காலின் உணர்ச்சி போய்விட்டது என்று பொருள். முகம் கழுவக் குனிந்து கண்ணை மூடும்போது சாய்வது இதன் வீட்டுவடிவம். எங்கள் வீட்டில் அது சீயக்காயின் வடிவில் வந்தது. "கீழ தரையே இல்லாத மாதிரி" என்று அம்மா சொன்னது உவமையே அன்று, நேர்ப்பொருள்.

சொல் என்று வந்துவிட்டதால் இன்னும் சற்று நிற்கிறேன். துறை சார்ந்த பலவீனம், பொறுத்துக்கொள்க. கால் "மரத்துப் போச்சு" என்கிறோம். உயிருள்ள ஓர் உறுப்பு மரம் போல் ஆவது என்றுதான் கேட்பவர் செவியில் விழுகிறது. "மதமதன்னு இருக்குது" என்பார்கள். "பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்குது" என்பார்கள். இவை எல்லாவற்றையும் விடத் துல்லியமான ஒன்று உண்டு: "செருப்பு கழண்டு போனது கூடத் தெரியல." அம்மா இதை மூன்று ஆண்டுகளாகச் சொல்லிவந்திருக்கிறார். சந்தையிலிருந்து ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்து, எங்களோடு சேர்ந்து அவரும் சிரித்திருக்கிறார். மறதி என்று எண்ணினோம். காலுக்கு உணர்வு இல்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிகுறி வேறில்லை.

சர்க்கரை நோயாளிகளுக்கென அச்சிடப்படும் கைப்பிரதிகளை இப்போது தேடித்தேடிப் படிக்கிறேன். "புற நரம்பியச் சிதைவு", "உணர்திறன் இழப்பு" என்று ஆங்கிலத்தை அடிபிறழாமல் பெயர்த்து வைத்திருக்கிறார்கள். ஒன்றிலும் செருப்பு இல்லை, பஞ்சு இல்லை, மதமதப்பு இல்லை. நோயாளியிடம் சொல் இருக்கிறது, மருத்துவரிடம் அறிவு இருக்கிறது, இரண்டும் சந்திப்பதில்லை. சங்க இலக்கியத்தில் பெயரடை குறித்து ஆண்டுக்கு எத்தனை ஆய்வேடுகள் வருகின்றன! நோயைச் சொல்லும் நாட்டுச் சொற்களை ஒரு வட்டத்துக்கு நூறு என்று தொகுத்து ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குக் கொடுக்க நம் தமிழ்த்துறைகளில் ஒன்றாவது முன்வரலாம். இதை எங்கள் துறைக் கூட்டத்தில் சொன்னபோது ஒருவர் புன்னகைத்தார், மற்றொருவர் தேநீர் வந்துவிட்டதா என்று பார்த்தார்.

இது சிறு கூட்டத்தின் துன்பம் என்று எண்ணிவிட வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடுதழுவிய ஆய்வு 2023ல் வெளியானபோது தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 விழுக்காட்டினர்க்குச் சர்க்கரை நோய் என்று கண்டது. சென்னையில் நடந்த கியூர்ஸ் என்னும் ஆய்வின் ஒரு பகுதி 2008ல் வெளிவந்தது. சர்க்கரை நோயாளிகளில் 26.1 விழுக்காட்டினர்க்கு நரம்புப் பாதிப்பு இருந்தது. நான்கில் ஒருவர். அது நகரத்துக் கணக்கு. சேற்றிலும் முள்ளிலும் வெறுங்காலோடு நடக்கும் எங்கள் பக்கத்தில் இந்தப் பாதிப்பு இன்னும் ஆபத்தானது என்று சொல்லப் புள்ளிவிவரம் தேவையில்லை.

மாவுக்கட்டுப் போட்ட நகரத்து மருத்துவமனையில் அம்மாவுக்குச் சொல்லப்பட்ட அறிவுரை ஒரே வரி: "பாட்டி, இனி அதிகம் நடமாட வேண்டாம், உட்கார்ந்தே இருங்க." நாங்களும் அதை அன்பின் கட்டளையாக ஏற்றுக்கொண்டோம். தண்ணீர் வேண்டுமா, நாங்கள் தருகிறோம். பூப்பறிக்க வேண்டுமா, பேத்தி இருக்கிறாள். எழுந்தால் போதும், நான்கு குரல்கள் ஒரே நேரத்தில் "உக்காரு!" என்று எழும். இரண்டு மாதத்தில் என்ன ஆயிற்று? நாற்காலியிலிருந்து எழ இரண்டு கையும் ஊன்ற வேண்டியதாயிற்று. கெண்டைக்கால் தளர்ந்தது. நடக்கும்போது சுவரைத் தேடும் கை வந்தது. விழுவோம் என்ற அச்சம் வந்தது; அச்சத்தால் நடை குறுகிற்று; நடை குறுகியதால் தசை மெலிந்தது; தசை மெலிந்ததால் விழும் வாய்ப்பு மிகுந்தது. விழக்கூடாது என்று உட்கார வைத்து, அடுத்த விழுதலுக்கு அவரை நாங்களே ஆயத்தம் செய்துகொண்டிருந்தோம்.

இந்த "உட்கார்" மருத்துவத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அதைச் சொல்லாமல் குறைகூறுவது நியாயமாகாது. அந்த வரலாறு நம் தமிழ் மண்ணில் தொடங்குகிறது. 1914ல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1946ல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் நோயால் அழுகி உதிர்வதாக உலகம் நம்பியிருந்த காலம். அவர் கண்டது வேறு. வலி தெரியாததால் அவர்கள் தம்மையறியாமல் காயப்படுகிறார்கள். காயத்தின் மேலேயே நடக்கிறார்கள். அதுவே உறுப்பை அழிக்கிறது. வேலூரிலும் கரிகிரியிலும் நடந்த அந்தப் பணியோடு பிறந்ததுதான் மெத்தென்ற ரப்பர் அடி வைத்த எம்.சி.ஆர். செருப்பு. 1966ல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபின் அவரும் அவர் தோழர்களும் அதே அறிவைச் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கும் கொண்டுசென்றனர். இன்று நம் சர்க்கரை நோய் மருத்துவமனைகளில் எழுதிக்கொடுக்கப்படும் அந்தச் செருப்பின் மூதாதை, தொழுநோயாளியின் செருப்புத்தான். இதை அறியாமல் சிலர் கூச்சப்பட்டு அணிய மறுக்கிறார்கள். அறிந்தும் சிலர் அதே காரணத்தால் மறுக்கிறார்கள்.

உணர்வற்ற பாதத்தின் மேல் எடை ஏறினால் புண் வரும் என்பது இந்த மரபிலிருந்து வந்த நியாயமான அச்சம். ஆகவே நெடுங்காலம் உலகெங்கும் மருத்துவர்கள் இத்தகையோரை நடக்க வேண்டாம், வேண்டுமானால் நீந்துங்கள், மிதிவண்டி மிதியுங்கள் என்றே சொல்லிவந்தனர். எழுபது வயதில் எங்கள் ஊர்ப் பெண்மணி எந்தக் குளத்தில் நீந்துவது என்று அவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். புண் இருக்கும் காலுக்கு அந்த எச்சரிக்கை இன்றும் முற்றிலும் சரி. புண் இல்லாத காலுக்கு? 2008ல் மிசௌரியிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வில் நரம்புப் பாதிப்புள்ள 79 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குக் கால் தசைக்கும் சமநிலைக்கும் பயிற்சியும் நடையும் கொடுத்து ஓராண்டு பார்த்தார்கள். பயிற்சி பெற்றவர்க்குப் புண் கூடுதலாக வரவில்லை. 2010ல் அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் விளையாட்டு மருத்துவக் கல்லூரியும் கூட்டாக வெளியிட்ட அறிக்கை, புண் இல்லாதவர்கள் மிதமாக நடக்கலாம் என்று நிலையை மாற்றிக்கொண்டது. அந்த மாற்றம் இன்னும் பல வட்டத் தலைநகரங்களுக்கு வந்து சேரவில்லை. தபாலில் வருகிறது போலும்.

சமநிலைப் பயிற்சிக்கென்றே 2010ல் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த ஆய்வு ஒன்று என்னைக் கவர்ந்தது. 71 சர்க்கரை நோயாளிகள். பயிற்சிப் பிரிவினர்க்கு வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம், பன்னிரண்டு வாரம். நடையின் வேகம் கூடியது, விழுவோம் என்ற கவலை குறைந்தது, இடுப்பும் கணுக்காலும் வலுவடைந்தன. அவர்கள் அளந்தவற்றில் ஒன்று, குறுகிய கட்டை ஒன்றின் மேல் நடந்து கடக்க ஆகும் நேரம். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. குறுகிய கட்டையாம்! அதற்கு எங்கள் ஊரில் வரப்பு என்று பெயர். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் பெரும்பாலான பயன்கள் நிலைத்திருந்தன. கணுக்காலை ஊன்றி எழும்பும் தசையின் வலு நிலைக்கவில்லை. விட்டால் போய்விடும் என்பதே அதன் பாடம். நம் மணிப்பாலிலும் இயன்முறைத் துறையினர் மிதமான நடைப்பயிற்சியால் இத்தகையோரின் நரம்பு இயக்கமே சற்று மேம்படுவதை 2014ல் பதிவு செய்திருக்கிறார்கள்.

இங்கே மிகைப்படுத்த விரும்பவில்லை. மரத்த கால் இந்தப் பயிற்சியால் பழையபடி ஆகிவிடாது. அப்படிச் சொல்லி எண்ணெயும் லேகியமும் விற்பவர்கள் எங்கள் கடைத்தெருவிலேயே இருக்கிறார்கள். பயிற்சி செய்வது வேறொன்று. கணுக்காலையும் இடுப்பையும் தாங்கும் தசைகள் வலுப்பெறுகின்றன. சாய்ந்தவுடன் நிமிரும் வேகம் கூடுகிறது. பாதம் சொல்லாததை முழங்காலிடமும் இடுப்பிடமும் உட்செவியிடமும் கேட்டுக்கொள்ள மூளை பழகுகிறது. சமநிலை மேம்படுகிறது என்பதற்குச் சான்று நன்றாகவே இருக்கிறது. விழும் எண்ணிக்கை அதனால் எவ்வளவு குறைகிறது என்பதற்கான சான்று அவ்வளவு வலுவானதன்று. இருந்தும், உட்கார்ந்தே இருந்தால் என்ன ஆகும் என்பதை என் வீட்டில் இரண்டு மாதத்தில் பார்த்துவிட்டேன்; எனக்கு அது போதும்.

காஞ்சிபுரத்தில் ஓர் இளம் இயன்முறை மருத்துவர் எங்களுக்குக் கற்றுத்தந்தார். அவர் முதலில் செய்தது நைலான் இழை ஒன்றால் பாதத்தைத் தொட்டுப் பார்த்தது. வளையும்போது பத்து கிராம் அழுத்தம் தரும் இழை. "எங்கே தொடுகிறேன் சொல்லுங்கம்மா" என்றார். அம்மா, "நீ எப்ப தொடப்போற?" என்று கேட்டார். அதற்குள் அவர் ஆறு இடத்தில் தொட்டு முடித்திருந்தார். எனக்குத் தொண்டை அடைத்தது. பிறகு வைட்டமின் பி12 அளவையும் பார்க்கச் சொன்னார். ஆண்டுக்கணக்கில் மெட்பார்மின் மாத்திரை எடுப்பவர்க்கு அது குறையக்கூடும், குறைந்தாலும் கால் மரக்கும். படுத்தபடியும் நின்றபடியும் இரத்த அழுத்தம் எடுத்தார். எழுந்தவுடன் அழுத்தம் விழுவதும் இந்நோயின் ஒரு கிளை. எரிச்சலுக்குத் தரப்படும் சில மாத்திரைகளே தலைசுற்றலைத் தரும் என்று சொல்லி, அதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளச் சொன்னார். இவ்வளவும் அரைமணி நேரத்தில் முடிந்தது. பதினெட்டு ஆண்டுகளில் யாரும் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பார்க்காத கால்.

பயிற்சி எளிது. சன்னல் கம்பியை இரு கையாலும் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி விரல்களில் நிற்பது, மெல்ல இறங்குவது, பத்து முறை. அதன்பின் விரல்களை உயர்த்திக் குதிகாலில் நிற்பது. கையை ஊன்றாமல் கட்டிலிலிருந்து எழுந்து, மெல்ல உட்கார்வது. தொப்பென்று விழக்கூடாது, அந்த மெதுவில்தான் பயன். பக்கவாட்டில் நண்டு போல் நடப்பது. பாதங்களைச் சேர்த்து நிற்பது. அது பழகியதும் ஒரு பாதத்துக்கு நேர்முன்னே மற்றதை வைத்து நிற்பது. அதுவும் பழகியதும் ஒற்றைக்காலில் நிற்பது. முதலில் இரு கைப்பிடி, பின் ஒரு கை, பின் ஒரு விரல். கடைசியில் அடிமேல் அடிவைத்துச் சுவரோரமாகப் பத்தடி நடப்பது. வாரத்துக்கு மூன்று நாளாவது.

ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னபோது அம்மா, "இதுக்கா இவ்ளோ தூரம் பஸ்ஸு ஏறி வந்தோம்? இது நொண்டியாட்டம்" என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. பாண்டியும் நொண்டியும் ஆடிய பெண்கள். தலைச்சுமையோடு வரப்பில் நடந்தவர்கள். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து கையூன்றாமல் எழுந்தவர்கள். மருத்துவமனைகள் இன்று கருவி வைத்துக் கற்பிப்பதில் பாதி அவர்கள் வாழ்க்கையில் கேளாமல் கிடைத்தது. நாற்காலியும் இருசக்கர வண்டியும் தொலைக்காட்சியும் வந்து அவை போயின. பழைய காலமே பொற்காலம் என்று சொல்பவன் அல்லன் நான். அந்த வரப்பில் நடந்த கால்களுக்குச் செருப்பு இல்லை, கூலியும் போதிய அளவில் இல்லை. ஆனால் அந்த உடல்களிடம் ஒரு கல்வி இருந்தது, அதை நாம் கல்வி என்று எண்ணவில்லை என்பதைத்தான் சொல்கிறேன். இப்போது மீண்டும் வரப்புக்குப் போகச் சொல்லவும் மாட்டேன். உணர்வில்லாத காலைச் சேற்றில் வைப்பது தற்கொலைக்கு ஒப்பு. வரப்பை வீட்டுக்குள் கொண்டுவரலாம். தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போதும். எங்கள் கூடத்தில் என் மகள் கோலமாவால் போட்டாள்.

சில எச்சரிக்கைகளைச் சொல்லியாக வேண்டும். பயிற்சிக்குமுன் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். புண்ணோ கொப்புளமோ இருந்தால் நின்றுசெய்யும் பயிற்சி கிடையாது, மருத்துவரிடம் போக வேண்டும். வீட்டுக்குள்ளும் செருப்போடுதான் செய்ய வேண்டும். எங்கள் வீட்டில் இதற்கு மூன்று நாள் வாக்குவாதம் நடந்தது, கூடத்துக்கு மட்டும் தனிச்செருப்பு என்று சமாதானம் ஆயிற்று. பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடிக்கவே கூடாது. அது நம்மோடு சேர்ந்து விழும். அருகில் ஒருவர் நிற்க வேண்டும். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுக்கொண்டு தொடங்கக் கூடாது. கண்ணை மூடிச் செய்யும் எதையும் தாமாக முயலக் கூடாது. இரவில் கழிப்பறை வழியில் ஒரு சிறுவிளக்கு எரியட்டும்.

கோயிலைச் சொல்லாமல் விட முடியாது. நண்பகலில் பிராகாரக் கல் கொதிக்கும்போது வெறுங்காலோடு வலம் வந்து, வீட்டுக்கு வந்தபின் கொப்புளத்தைப் பார்ப்பவர்கள் உண்டு, சூடு தெரியாது. அதைவிட நுட்பமான ஆபத்து சன்னதியில் இருக்கிறது. இருட்டு, கூட்டம், இரு கையும் தலைக்கு மேல், கண்ணோ மூடியிருக்கிறது. ரோம்பர்க் சோதனையை இதைவிடக் கச்சிதமாக யாரும் ஏற்பாடு செய்ய முடியாது. அம்மாவிடம் இனிமேல் கண்ணைத் திறந்தபடி, ஒரு கையால் தடுப்புக் கம்பியைப் பிடித்தபடி கும்பிடச் சொன்னேன். "கண்ண மூடிக்கினு கும்பிட்டா சாமிய எப்பிடிடா பாக்கறது? இத்தினி நாளா நான்தான் தப்பு பண்ணிக்கினு இருந்தேன்" என்றார்.

இனி நான் சொல்ல வந்த கருத்து. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. இயன்முறை மருத்துவமும் அதில் ஓர் அங்கமாக வைக்கப்பட்டது. நல்ல திட்டம், நாடு முழுவதும் பேசப்பட்ட திட்டம். ஆனால் இயன்முறை மருத்துவம் என்றாலே பக்கவாதத்தில் படுத்தவர்க்கும் எலும்பு முறிந்தவர்க்கும் உரியது என்பது நம் எல்லார் மனத்திலும் பதிந்த எண்ணம். விழுந்தபின் வருவதாகவே அதை அறிவோம். விழுவதற்கு முன் அது வர வேண்டும் என்கிறேன். மாத்திரை வாங்க வரிசையில் நிற்கும் அதே இடத்தில், மாதம் ஒருமுறை, பத்து கிராம் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பதற்கும் சுவரோரமாக நிற்க வைத்துக் குதிகால் உயர்த்தக் கற்பிப்பதற்கும் பெரிய செலவில்லை. ஓர் இழை, ஒரு சுவர், பழகிய ஒருவர். அந்த ஒருவர் பட்டம் பெற்ற இயன்முறை மருத்துவராகவே எப்போதும் இருக்க வேண்டும் என்பதில்லை. அவரிடம் கற்ற சுகாதாரப் பணியாளர் போதும். காஞ்சிபுரத்துக்கோ செங்கல்பட்டுக்கோ ஒருவழிக்கு ஒரு மணி நேரம் பேருந்தில் போய்வரச் சொன்னால், மரத்த காலோடு படியேறும் அந்தப் பேருந்தே விழும் இடமாகிவிடும்.

அரசு மட்டுமன்று, வீடும் மாற வேண்டும். முதியவரை உட்கார வைப்பதே மரியாதை என்று நாம் கற்றிருக்கிறோம். எங்கள் ஊர்ப் பெருமையான வைகுந்தப் பெருமாள் கோயில் கல்வெட்டுகளை வகுப்பில் சொல்லாத ஆண்டில்லை. 919ல் பொறித்த விதிப்படி வாரிய உறுப்பினர்க்கு வயது 30 முதல் 60. இரண்டே ஆண்டில், 921ல், அதை 35 முதல் 70 என்று மாற்றினார்கள். அந்த வாரியங்களில் ஏரி வாரியமும் ஒன்று. ஏரி வாரியத்தில் இருப்பவர் ஏரிக்கரையில் நடக்காமல் என்ன வாரியம் நடத்தியிருப்பார்? எழுபதை எட்டும் ஒருவரிடம் கரையையும் மதகையும் நம்பி ஒப்படைத்த ஊரில், எழுபத்தோரு வயதுத் தாயைத் தண்ணீர்ச் செம்பைக்கூடத் தொடவிடாமல் நான் வைத்திருந்தேன். (பெண்களுக்கு அந்த வாரியத்தில் இடமிருந்ததா என்று மாணவி ஒருத்தி கேட்டாள். அது வேறு கட்டுரை.)

பயிற்சி தொடங்கி ஐந்து மாதம் ஆகிறது. அற்புதம் ஒன்றும் நிகழவில்லை. பாதத்தில் உணர்ச்சி வரவில்லை; இரவில் எரிச்சல் இருக்கிறது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுகிறார். ஒரு விரலால் சன்னலைத் தொட்டபடி ஒற்றைக்காலில் பன்னிரண்டு எண்ணும்வரை நிற்கிறார். பாதி நாள் ஏமாற்றவும் செய்கிறார். தொலைக்காட்சித் தொடர் நடக்கும்போது எண்ணிக்கை பத்திலிருந்து ஏழாகிவிடும். பக்கத்து வீட்டுப் பெரியம்மாவும் எதிர்வீட்டு அத்தையும் மாலையில் வந்து கம்பியைப் பிடிக்கிறார்கள். கம்பிகள் போதவில்லை; ஒருவர் திண்ணைத் தூணைப் பிடித்துக்கொள்கிறார்.

எங்கள் ஊர்ச் சுந்தரவரதப் பெருமாள் கோயிலில் மூன்று நிலைகளில் மூன்று சன்னதி. கீழ்நிலையில் பெருமாள் நின்ற கோலம், நடுநிலையில் இருந்த கோலம், மேல்நிலையில் கிடந்த கோலம். விழுந்ததற்குப்பின் அம்மா கீழே மட்டும் சேவித்துவிட்டு வந்துகொண்டிருந்தார். சென்ற சனிக்கிழமை வெயில் தாழ்ந்தபின் என் தோளைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியையும் கண்ணால் பார்த்துப் பார்த்து, நடுநிலைக்கு ஏறினார். மேலே போகலாமா என்று கேட்டேன். படிகளை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

"படுத்துக்கினு இருக்கிறவரு எங்க போயிடப்போறாரு? அடுத்த மாசம் பாக்கலாம்" என்றார்.